சாலையின் அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

கிருஷ்ணகிரியில் பல தேசிய நெடுஞ்சாலைகள் கூடுகின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44, சென்னைக்குப் போகும் 48, ஊத்தங்கரை வழியாகத் திண்டிவனம் போகும் 77. இவற்றால் மாவட்டத்துக்கு வேலையும் வியாபாரமும் வந்திருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சாலைகள் ஆளில்லாத காட்டில் போகவில்லை, ஊர்களுக்கு நடுவே போகின்றன. காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் வீடுகள் ஒரு பக்கம். மேல்நிலைப் பள்ளி, ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் மறுபக்கம். நடுவில் நால்வழிச் சாலை.

நான் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தால் சாலையைக் கடக்கிறவர்கள் அத்தனை பேரும் கண்ணில் படுவார்கள். விடிவதற்கு முன்பே ஓசூர் கம்பெனி வண்டிக்கு நிற்கும் பெண்கள், அப்புறம் பால் கேன் கட்டிய சைக்கிள்கள், எட்டரைக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அது எத்தனை பெண் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியிருக்கிறது என்று எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். சைக்கிள் வந்துவிட்டது. அதை ஓட்டிப் போகப் பாதை இன்னும் வரவில்லை.

எங்களுக்கு சப்வே இல்லாமல் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய்த் திரும்பி வந்தால் இரண்டு கிலோமீட்டர், நடந்தால் அரை மணி நேரம். மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர். இருட்டினால் ஒரு விளக்கு கிடையாது. அதனால் ஊரே சென்டர் மீடியனில், அதாவது சாலை நடுத் தடுப்பில், வண்டி திரும்ப விட்டிருக்கும் 'கட்' என்ற இடைவெளி வழியாகத்தான் கடக்கிறது. நாங்கள் மனு கொண்டுபோன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, "சப்வேல போக வேண்டியதுதானே?" என்பதுதான். தலையில் ரேஷன் அரிசி மூட்டையோடு அரை மணி நேரம் சுற்றி நடக்கச் சொல்கிறோம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஜனங்கள் பொறுப்பில்லாமல் குறுக்கே ஓடுகிறார்கள் என்ற பேச்சை இன்றைக்கும் நான் எதிர்த்துப் பேசுவேன். எங்கே கடப்பது என்பதை ஊர் முடிவு செய்யவில்லை. பள்ளியும் வீடும் இருந்த இடத்துக்கு நடுவே சாலையை அகலமாக்கியபோதே அது முடிவாகிவிட்டது.

ஒரு நாள் அதிகாலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன பெரியவர் ஒருவரை ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிர் பிழைத்தார், கால் போய்விட்டது. ஊர் கொதித்தது. மறியல் நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், வாக்குறுதி தந்தார்கள், பேரிகார்டு கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச நாளில் பேரிகார்டு வேறு எங்கேயோ போய்விட்டது. இளைஞர்கள் சிலர் மேல் போட்ட வழக்கு மட்டும் நின்றது. மறியல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வந்த அதிகாரிகள் "என்னம்மா வேணும்?" என்று கேட்டபோது ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னோம். ஒருவர் மேம்பாலம் என்றார், ஒருவர் வேகத்தடை என்றார், ஒருவர் போலீஸ் நிற்கட்டும் என்றார். கையில் ஒரு காகிதம் இல்லை. கோபம் ஆறியதும் கேட்பதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகுதான் மகளிர் குழுப் பெண்கள் நாங்கள் சிலரும், பள்ளியின் கணக்கு ஆசிரியரும், ஊர் இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்தோம். "எதையும் அளந்துட்டுப் பேசலாம்ங்க, அப்பதான் கேப்பாங்க" என்றார் ஆசிரியர். அவர் சொல்லிக்கொடுத்த முறையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செலவே இல்லை. சாலை ஓரத்தில் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் கோலமாவால் கோடு போட வேண்டும். ஒரு வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போது செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்த கோட்டில் நிறுத்த வேண்டும். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று வந்துவிடும். மூன்று விநாடி என்றால் 60. இரண்டு விநாடி என்றால் 90. எங்கள் கட்டுக்கு முன்னால் கார்கள் இரண்டு விநாடிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன. (நின்று அளப்பவர்கள் சாலைத் தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும், பிள்ளைகளை இதற்கு நிறுத்தக் கூடாது. ஆசிரியர் இதில் கண்டிப்பாக இருந்தார்.)

அடுத்த கணக்குதான் எங்களை உலுக்கியது. ஒரு பக்கச் சாலையின் இரண்டு லேன், அதோடு ஓரத் தார்ப்பகுதி சேர்த்தால் கடக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட ஒன்பதரை மீட்டர். சாதாரணமாக நடக்கிறவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கடக்க எட்டு விநாடி வேண்டும். 90 வேகத்தில் வரும் கார் எட்டு விநாடியில் 200 மீட்டர் வந்துவிடும். அதாவது 200 மீட்டர் தூரத்துக்கு வண்டியே இல்லை என்று தெரிந்தால்தான் காலை எடுத்து வைக்கலாம். எங்கள் கட்டிலிருந்து பார்த்தால் அவ்வளவு தூரம் தெரியாது, அதற்குள் ஒரு வளைவு வந்துவிடும். விநாடிக்கு 80 சென்டிமீட்டர் நடக்கும் பாட்டிக்கு 300 மீட்டர் வேண்டும். நல்ல கண்ணோடும் கவனத்தோடும் கடந்தாலும் இந்த இடத்தில் அடிபட வாய்ப்பு உண்டு என்று கணக்கே சொன்னது. "பாத்துப் போங்க கண்ணு" என்று இத்தனை வருடம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, பார்த்தாலும் தெரியாத சாலை இது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்றையும் அன்று கவனித்தோம். சென்டர் மீடியனில் அரளிச் செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. எதிர்ப்பக்க வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசாமல் இருக்கத்தான் அதை வைக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டுக்கு ஒட்டி வளர்ந்தால் நடுவில் காத்து நிற்கும் பிள்ளையை ஓட்டுநருக்குக் காட்டாது. ஒரு ஆறாம் வகுப்புப் பையன் அங்கே நின்றால் தலை கூடத் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கும் உயரத்திலிருந்து போட்டோ எடுத்து மனுவில் ஒட்டினோம். முதலில் நடந்த வேலையும் இதுதான். கட்டின் இரு பக்கமும் செடியை இடுப்பளவுக்கு வெட்டினார்கள். எஸ்டிமேட் வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு நாள் வேலை. எந்த ஊரிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். ஒன்று நடந்துவிட்டால் கூட வருகிறவர்களுக்கு நம்பிக்கை வருகிறது, அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேருகிறது.

மனு எழுதும் முன்பு சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு வழியும் அதன் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலைக்காரர்களிடம். அதிலிருந்து ஊருக்குள் திரும்பும் சாலை ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கலாம். விளக்குக் கம்பம் ஒருவர் கையில், அதற்கு மின் கட்டணம் இன்னொருவர் கையில். இது தெரியாமல் போனால் ஒவ்வொரு மேஜையிலும் "இது எங்களது இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனுவை வாங்கி வைத்துவிட்டு, பல மாதம் கழித்து எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில் கொடுத்தார்கள். அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, இந்த இடத்துக்குப் பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது. அந்தக் காகிதத்தை இணைத்த பிறகு யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை.

இடத்தைச் சொல்லும் விதமும் முக்கியம். "பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்றால் நமக்குப் புரியும், பொறியாளருக்குப் புரியாது. சாலை ஓரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், அங்கிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் எழுதுங்கள். ஒரு மனுவில் ஓர் இடம், ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல், ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது, அதன் கூட்டத்தில் இதை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். காவல் துறை, போக்குவரத்து, நெடுஞ்சாலை எல்லோரும் ஒரே அறையில் உட்காரும் இடம் அது. ஒருவர் மேல் ஒருவர் கை காட்ட முடியாது. இந்தக் குழுக்கள் மாவட்டந்தோறும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட்டது, கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கில். அடிபட்டு வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த கையால் ஒரு வழக்கும் போட்டார், அது இத்தனை வருடம் கழித்தும் எங்கள் ஊர்க் கட் வரைக்கும் வேலை செய்கிறது. 2025-இல் அதே வழக்கில்தான், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மாநிலங்கள் விதிகள் வகுக்க வேண்டும் என்று ஆறு மாதக் கெடுவும் வைத்தது. மனுவில் இந்த வரி இருந்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

கிராம சபைத் தீர்மானத்தை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கூட்டத்தில் தீர்மானமாக ஏற்றிவிட்டால் அது ஊரின் கோரிக்கை ஆகிவிடும். தலைவர் மாறினாலும் காகிதம் நிற்கும்.

எங்களை அதிகம் வருத்தியது பிளாக்ஸ்பாட் கணக்கு, அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம் எது என்று குறிக்கும் கணக்கு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருடத்தில் உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள 5 விபத்து, அல்லது 10 சாவு நடந்திருந்தால்தான் அதைப் பிளாக்ஸ்பாட் என்று குறிக்கிறார்கள். அதாவது ஊர் முதலில் அத்தனை பேரைப் பலி கொடுக்க வேண்டும். சைக்கிளில் விழுந்து கை உடைந்தவர்கள் கேஸ் வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால் எங்கள் ஊரில் இப்போது அடிபட்டவர் யாராக இருந்தாலும் ஸ்டேஷனில் பதிவு செய்யச் சொல்கிறோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இடித்த வண்டி தெரியாமல் போனாலும் 2022 ஏப்ரல் 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. தாலுகா, கோட்ட அளவில் இருக்கும் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பால்காரப் பெரியவரின் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. எங்களுக்கும் அந்த மனு விஷயமாக அலைந்தபோதுதான் தெரிந்தது. 2022-இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் கேட்காமலே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆனால் உண்மையான கஷ்டம் அலுவலகங்களில் இல்லை, ஊருக்குள்தான் வந்தது. எங்கள் மனுவுக்குக் கிடைத்த முதல் யோசனை, கட்டை முழுசாக மூடிவிடலாம் என்பது. பள்ளிப் பெற்றோரில் பாதிப் பேர் சரி என்றார்கள். கட் ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் என் கடைக்கே வந்துவிட்டார். "நீ மனு குடுத்து என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியாம்மா?" என்றார். அந்தப் பக்கம் நிலம் இருப்பவர்களும் டிராக்டரை எங்கே திருப்புவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது தப்பில்லை. கட்டை மூடினால் ஜனங்கள் கடப்பதை நிறுத்த மாட்டார்கள், மீடியன் ஏறிக் குதிப்பார்கள். வண்டிகள் சுற்றிப் போகச் சோம்பி சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வரும், அந்தச் சர்வீஸ் ரோட்டில்தான் சைக்கிள் பிள்ளைகள் போகிறார்கள். இதையெல்லாம் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வண்டி திரும்பும் அகலத்தை அடைப்பது, நடப்பவர் நின்று கடக்க மட்டும் மேடையோடு ஓர் இடைவெளி விடுவது, டிராக்டருக்கு சப்வேயைச் சரி செய்து தரக் கேட்பது. "அண்ணா, நடந்து கடக்கறவங்கதானே உங்க கடைக்கு டீ குடிக்க வர்றாங்க, அவங்க உசுரோட வரட்டும்" என்று மகளிர் குழு அக்கா ஒருவர் சொன்னார். அந்த அண்ணன்தான் பிறகு ஆட்சியர் அலுவலகத்துக்கு எங்களோடு வண்டி எடுத்து வந்தார். எதிர்ப்பவர்களை மனு கொடுப்பதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் அனுபவம்.

நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்றோம், பலருக்கு ஆச்சரியம். பால் கேன் கட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு யார் படியேறுவது? மூட்டு வலிக்காரப் பாட்டி எப்படி ஏறுவாள்? வண்டிக்குச் சமதளம், மனுஷனுக்குப் படிக்கட்டு என்ற ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 100 வேகத்துக்கு அனுமதி உள்ள நால்வழிச் சாலையில் சமதளத்தில் கடப்பது முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதும் உண்மை. அதற்கு நல்ல வழி தண்ணீர் நிற்காத, விளக்கு எரியும், ஊர் கடக்கும் இடத்துக்கு நேரே இருக்கும் சப்வேதான்.

வேகத்தடை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவதில்லை என்பது விதி. அங்கே கேட்க வேண்டியது, டயர் ஏறினால் கடகடவென்று அதிரும் ரம்பிள் பட்டைகளும் முன்னறிவிப்புப் பலகையும். பலகையில் எழுத்தைவிடப் படம் நல்லது, இந்தச் சாலையில் ராஜஸ்தான் லாரியும் ஆந்திரா லாரியும் வருகின்றன. வேகத்தடை வேண்டிய இடம் ஊருக்குள் போகும் சாலை. அங்கே இளைஞர்கள் ஆர்வத்தில் தாங்களே மண்ணும் ஜல்லியும் கொட்டிச் செங்குத்தாக ஒன்று போட்டார்கள், இருட்டில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் தூக்கியெறியப்பட்டார். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வட்டமான முதுகு. 25 வேகத்தில் போனால் உடம்பு குலுங்காது. கூடவே வெள்ளைப் பட்டையும் பலகையும் வேண்டும். அந்த அளவை மனுவில் எழுதிக் கொடுத்து, பழையதை உடைத்துச் சரியாகப் போட வைத்தோம். பள்ளி வாசலில் வேகம் 30-க்குள் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இறங்கி வரவில்லை. அந்த வேகத்தில் இடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், 50, 60 என்று ஏற ஏறப் பிழைப்பது கடினம்.

இப்போதைய நிலை இது. அரளி வெட்டியாயிற்று, ஆனால் மழைக்குப் பின் மறுபடி வளர்கிறது, ஒவ்வொரு முறையும் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு போன் செய்து பதிவு எண் வாங்க வேண்டியிருக்கிறது. கட் ஓரம் விளக்கு எரிகிறது. ரம்பிள் பட்டை வந்துவிட்டது. வேகம் குறைந்ததா என்று மறுபடி கோலமாவு போட்டு அளந்தோம், குறைந்திருந்தது, ஆனால் போதாது. சப்வேயில் தண்ணீர் இறைக்க மோட்டார் வைத்தார்கள், அதன் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதில் இழுபறி நடக்கிறது. பள்ளியில் சைக்கிள் பிள்ளைகள் அனைவருக்கும் பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டினோம், மகளிர் குழுவின் செலவில். அது உதவிதான், ஆனால் "அதான் ஸ்டிக்கர் ஒட்டியாச்சே" என்று யாரும் கை கழுவ விடக் கூடாது என்று கூட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறோம்.

தீராமல் நிற்பது பஸ் ஸ்டாப். அது கட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இறங்குகிறவர்கள் நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலேயே குறுக்கே போகிறார்கள், பஸ்ஸை முந்தி வரும் கார் அவர்களுக்குத் தெரிவதில்லை, காருக்கு அவர்களும் தெரிவதில்லை. கட்டைத் தாண்டி ஐம்பதடி தள்ளி நிறுத்தினால் எல்லோரும் பஸ்ஸுக்குப் பின்னால் பார்த்துக் கடக்கலாம். அதற்குப் போக்குவரத்து, நெடுஞ்சாலை, ஊராட்சி மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். டீக்கடை அண்ணன் நிழற்குடைக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார். அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானம் எழுதியாயிற்று, போட்டோக்களை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும்.